கம்ப்யூட்டரின் தந்தை பாதியில் விட்ட பிராசஸர்

(இரண்டாம் ஆண்டு மாணவர், கணிப்பொறியியல் துறை)



ஆண்டு மலர் என்றால் அதில் எடிசன் இருப்பார், ராமானுஜன் இருப்பார், நம் கலாம் ஐயா கட்டாயம் இருப்பார். அவர்களைப் பற்றியெல்லாம் நம் சீனியர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது நம் பாடப்புத்தகத்தில் முதல் பாடத்தில் இரண்டே வரியில் வந்துவிட்டுப் போகிற ஒருவரை. கம்ப்யூட்டரின் தந்தை யார் என்ற ஒரு மார்க் கேள்விக்கு சார்லஸ் பாபேஜ் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம். அந்த மனுஷன் தன் வாழ்நாளில் ஒரு கம்ப்யூட்டரைக்கூட முழுசாகச் செய்து முடிக்கவில்லை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1791 டிசம்பர் 26-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அப்பா பெஞ்சமின் வங்கித் தொழில் செய்தவர், பணத்துக்குப் பஞ்சமில்லை. சின்ன வயதில் கடுமையான காய்ச்சல் வந்து, மூளையை ரொம்பக் களைப்படைய விடக்கூடாது என்று சொல்லி கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்களாம். அந்த மூளைதான் பிற்பாடு எண்பது வயது வரைக்கும் ஓய்வே எடுக்கவில்லை! பொம்மை வாங்கிக் கொடுத்தால் அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதும், பதில் சரியில்லை என்றால் உடைத்துப் பார்ப்பதும் பழக்கம். (நம் டிபார்ட்மென்ட்டில் பாதிப் பேர் இதே ரகம்தான்.) அம்மா ஒருமுறை மெர்லின் என்பவருடைய இயந்திரப் பொம்மைகளைப் பார்க்கக் கூட்டிப்போனார். மாடியில் வெள்ளியில் செய்த ஒரு நடனக்காரி பொம்மை, கையில் பறவையோடு ஆடியது. பையன் அதை மறக்கவே இல்லை. பல வருடம் கழித்து 1834-இல் அதே பொம்மை ஏலத்துக்கு வந்தபோது வாங்கிப் பழுதுபார்த்து வீட்டில் வைத்துக்கொண்டார்.

1810-இல் கேம்பிரிட்ஜ். அங்கே போவதற்கு முன்பே கணக்கைத் தானாகவே படித்துவிட்டதால், வாத்தியார்களுக்கு இவர் கேட்ட சந்தேகங்களுக்குப் பதில் தெரியவில்லை. நியூட்டன் படித்த கல்லூரி என்பதால் நியூட்டன் போட்ட புள்ளிக் குறியீட்டையே நூறு வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் எல்லாரும் லைப்னிட்ஸின் குறியீட்டுக்கு மாறிவிட்டார்கள். பாபேஜ், ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் ஆகிய மாணவர்கள் சேர்ந்து 1812-இல் ஒரு சங்கமே ஆரம்பித்துச் சண்டை போட்டார்கள். இன்று நாம் கால்குலஸில் டிஒய் பை டிஎக்ஸ் என்று எழுதுவது அந்த லைப்னிட்ஸ் முறைதான். மாணவர் சங்கம் நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா, நண்பர்களே?

1814-இல் ஜார்ஜியானா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அப்பாவுக்கு இஷ்டமில்லை. வேலையும் உடனே கிடைக்கவில்லை. இதில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க இங்கிலாந்தில் நடத்திய ஹெய்லிபரி கல்லூரியில் கணித ஆசிரியர் வேலைக்கு 1816-இல் போட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் சம்பளம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பாரோ என்னவோ!

1821-இல் அவரும் ஹெர்ஷலும் வானியல் அட்டவணைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்குலேட்டர் இல்லாத காலம். கப்பல் ஓட்டுகிறவருக்கும், பாலம் கட்டுகிறவருக்கும், வங்கிக்காரருக்கும் அச்சடித்த கணக்கு அட்டவணைதான் கதி. அதில் ஒரு எண் தப்பினால் கப்பல் பாறையில் மோதும். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்ட கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் தப்பு. வெறுத்துப்போன பாபேஜ், இந்தக் கணக்கையெல்லாம் நீராவி இயந்திரமே போடக்கூடாதா என்று புலம்பினார். அந்தப் புலம்பல்தான் ஆரம்பம்.

அவர் பிடித்த வழி ரொம்ப எளிமையானது. 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்களை எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசம் 3, 5, 7, 9. அந்த வித்தியாசங்களின் வித்தியாசம் எப்போதும் 2. ஆக, பெருக்கலே தெரியாத இயந்திரம்கூட 2-ஐக் கூட்டிக்கூட்டி எல்லா வர்க்கத்தையும் சொல்லிவிடும். இதனால்தான் அதற்கு டிஃபரன்ஸ் எஞ்சின் என்று பெயர். 1822-இல் ஒரு சின்ன மாதிரி செய்து காட்டினார். 1823-இல் அரசாங்கம் 1,500 பவுண்டு கொடுத்தது. பித்தளைப் பல்சக்கரங்கள், சுமார் 25,000 பாகங்கள் கொண்ட பெரிய இயந்திரம் திட்டம். மூன்று வருடத்தில் முடிந்துவிடும் என்று நம்பினார்கள்.

இங்கேதான் ஜோசப் கிளமென்ட் வருகிறார். மெக்கானிக்கல் நண்பர்கள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பாபேஜின் படங்களை உலோகமாக மாற்றியவர் இவர். கைத்தறி நெசவாளியின் மகன், 1779-இல் பிறந்தவர். படித்த படிப்பு கொஞ்சம்தான். லேத்தும் பிளேனிங் மெஷினும் தானே வடிவமைத்துச் செய்தவர். இங்கிலாந்திலேயே இவரைவிடத் துல்லியமாக வேலை செய்கிற பட்டறைகள் விரல் விட்டு எண்ணத்தான் இருந்தன. இவர் பட்டறையில் இந்த எஞ்சினுக்கு வேலை செய்தவர்களில் ஒருவர் ஜோசப் விட்வொர்த். ஆமாம், நாம் ஒர்க்‌ஷாப்பில் படிக்கிற விட்வொர்த் திரெட் அவர் பெயரில் உள்ளதுதான்! அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வொரு மரை. ஒருத்தர் போல்ட் இன்னொருத்தர் நட்டில் போகாது. 1841-இல் விட்வொர்த் அதற்கு ஒரு அளவு கொண்டுவந்தார்.

1827 பாபேஜுக்குப் பொல்லாத வருடம். அப்பா இறந்தார். ஒரு மகன் இறந்தான். மனைவி ஜார்ஜியானாவும், பிறந்த குழந்தையும் போய்விட்டார்கள். எட்டுப் பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் மூன்று பேர்தான். அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து ஏறக்குறைய ஒரு லட்சம் பவுண்டு. மனது உடைந்து ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். அவர் இல்லாத நேரத்தில், 1828-இல், நியூட்டன் இருந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நாற்காலி இவருக்குக் கிடைத்தது. பதினோரு வருடம் அந்தப் பதவியில் இருந்தும் ஒரு வகுப்பும் எடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

1832-இல் எஞ்சினின் ஏழில் ஒரு பங்கு, சுமார் 2,000 பாகங்களோடு, தயாராகி ஓடியது. இன்றைக்கும் லண்டன் சயன்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. சனிக்கிழமை விருந்துகளில் அதைச் சுற்றிக் காட்டுவார். அடுத்த அறையில் அந்த வெள்ளி நடனப் பொம்மை. வந்த விருந்தாளிகளில் நிறையப் பேர் பொம்மையைத்தான் சூழ்ந்துகொண்டார்களாம். எஞ்சின் பக்கம் கூட்டம் குறைவு. கிராபிக்ஸுக்கு இருக்கிற மவுசு பிராசஸருக்கு அன்றைக்கும் இல்லை!

பிறகு சண்டை. பட்டறையைத் தன் வீட்டுப் பக்கம் மாற்றச் சொன்னார் பாபேஜ். மாற்றினால் தொழில் கெடும், அதற்கு ஈடு வேண்டும் என்றார் கிளமென்ட். மறுக்கவே, 1833-இல் ஆட்களை நிறுத்திவிட்டு வேலையை முடித்துக்கொண்டார். அன்றைய வழக்கப்படி, வேலைக்காகச் செய்த கருவிகள் செய்த தொழிலாளிக்கே சொந்தம், அவற்றைக் கொடுக்கவில்லை. பாபேஜைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் கிளமென்ட்டைப் பேராசைக்காரர் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நானும் நெசவாளியின் மகன். மாதக்கணக்கில் கூலி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அரசாங்கப் பணம் தாமதமாக வரும்; வரும்வரை பாபேஜ் தன் கையிலிருந்து கொடுப்பார். ஒருகட்டத்தில் அதையும் நிறுத்தினார். ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டியவர் என்ன செய்வார்? மொத்தத்தில் அரசாங்கம் செலவழித்தது சுமார் 17,000 பவுண்டு. 1831-இல் ஸ்டீபன்சன் கம்பெனி செய்த ஒரு ரயில் எஞ்சினின் விலை 800 பவுண்டுக்கும் குறைவு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படங்களும் பாகங்களும் கையைவிட்டுப் போயிருந்த இந்த இடைவெளியில், 1834-இல், பாபேஜுக்கு இன்னொரு யோசனை வந்தது. இதைச் சொல்வதற்கு முன் என் வீட்டுக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என்னிடம் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. மூடின ஒரு ஆபீஸிலிருந்து செகண்ட் ஹேண்டில் வந்தது. 2011-இல் வெளிவந்த கோர் ஐ3 2100 பிராசஸர், எச்61 போர்டு. பாடத்துக்குப் போதும். ஆனால் கார் ரேஸ் போட்டால் கூட்டமான இடத்தில் படம் நின்று நின்று ஓடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் பிராசஸர் 100 சதவீதத்தில் மூச்சு வாங்குகிறது. கிராபிக்ஸ் கார்டு பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஹாஸ்டலில் இதற்காக இரண்டு கட்சி. அதே எல்.ஜி.ஏ. 1155 சாக்கெட்டில் பழைய ஐ7 2600 ஒன்று போட்டால் போதும் என்று ஒரு கட்சி. மொத்தப் பெட்டியையும் தூக்கிப்போட்டுவிட்டு, போர்டு, ராம் எல்லாம் புதுசாக வாங்கு, அதுவரைக்கும் காத்திரு என்று இன்னொரு கட்சி. லீவில் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை செய்து நான் சேர்த்தது நாலாயிரம் ரூபாய். அதே மாதம் அப்பாவின் தறிக்குப் புது டிசைன் அட்டை போடவும் பணம் தேவையாக இருந்தது. எங்களுடையது காஞ்சிபுரம் பக்கம் பட்டுத் தறி. மேலே ஜக்கார்டு பெட்டி. அப்பா அதிகம் கேட்கவில்லை. எதை மாற்றப் போகிறாய், மீதி அப்படியே இருக்குமா என்று மட்டும் கேட்டார். கணக்குப் போடுகிற பாகத்தை மட்டும் மாற்றுகிறேன், ஞாபகம் வைக்கிற பாகம் அப்படியே இருக்கும் என்றேன். டிசைன் மாறினால் அட்டையைத்தான் மாற்றுகிறோம், தறியையா மாற்றுகிறோம் என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தையில், பாபேஜின் 1834-ஆம் வருடத்து யோசனை முழுசாக இருக்கிறது!

எப்படி என்கிறீர்களா? டிஃபரன்ஸ் எஞ்சினில் எண்ணை வைத்திருப்பதும் கூட்டுவதும் ஒரே சக்கர வரிசைதான். எதையும் தனியாகக் கழற்ற முடியாது. கூட்டலைத் தவிர எதுவும் வராது. புது எஞ்சினில் அவர் இரண்டையும் பிரித்தார். எண்களை அடுக்கி வைக்கும் இடத்துக்கு ஸ்டோர் என்று பெயர், கிடங்கு. கணக்குப் போடும் இடத்துக்கு மில் என்று பெயர், ஆலை. நூலைக் கிடங்கிலிருந்து எடுத்து ஆலையில் ஓட்டி மறுபடி கிடங்கில் வைப்பதுபோல, எண்ணை எடுத்து, கணக்குப் போட்டு, திரும்ப வைப்பது. இன்றைய மொழியில் ஸ்டோர் என்பது மெமரி, மில் என்பது பிராசஸர். ஒன்றை விட்டு இன்னொன்றை மாற்றலாம் என்று நாம் நினைக்கவே முடிவது இந்தப் பிரிவினையால்தான்.

சரி, எந்தக் கணக்கைப் போடவேண்டும் என்று மில்லுக்கு யார் சொல்வது? அட்டை! பிரான்ஸில் ஜக்கார்டு 1804 வாக்கில் கொண்டுவந்த அதே ஓட்டை அட்டை. தறி தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். காலால் மிதித்தால் மேலே ஒரு அட்டை திரும்பும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்த இழை மேலே தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் தூக்காது. ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் பைனரி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை! பாபேஜ் வீட்டில் ஜக்கார்டின் உருவம் பட்டில் நெய்தது ஒன்று இருந்தது. அதை நெய்ய 24,000 அட்டைகள். அச்சடித்த படம் என்றே பார்த்தவர்கள் ஏமாந்தார்களாம்.

இந்த அனலிடிக்கல் எஞ்சினில் ஆயிரம் எண்கள், ஒவ்வொன்றும் நாற்பது ஐம்பது இலக்கம், கிடங்கில் வைக்கத் திட்டம். விடையைப் பார்த்து அடுத்து எந்த வழியில் போவது என்று தானே முடிவெடுக்கும். நம் இஃப் ஸ்டேட்மென்ட். அச்சடிக்கவும் செய்யும்.

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் ரசிக்க ஒரு விஷயம். 999-உடன் 1-ஐக் கூட்டுங்கள். ஒன்பதும் ஒன்றும் பத்து, கையில் ஒன்று. மறுபடி பத்து, கையில் ஒன்று... கையில் இருப்பது ஒவ்வொரு படியாக நகர்ந்து போகவேண்டும். ஐம்பது இலக்கம் என்றால் ஐம்பது படி. மில்லின் வேகம் முழுக்க இங்கே செத்துவிடும் என்று பாபேஜ் கண்டுபிடித்தார். வரிசையாக ஒன்பது நிற்பதை முன்கூட்டியே பார்த்து, எல்லா இலக்கத்துக்கும் ஒரே அடியில் கையிருப்பை ஏற்றிவிடும் ஒரு பொறியமைப்பை வருடக்கணக்கில் வரைந்தார். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் ரிப்பிள் கேரி, லுக் அஹெட் கேரி என்று படிக்கிறோமே, அதேதான்! பித்தளையில் யோசித்திருக்கிறார் பாருங்கள். ஐம்பது இலக்க எண்கள் இரண்டைப் பெருக்க ஒரு நிமிடம் என்பது அவருடைய மதிப்பீடு.

இதற்கிடையில் நான் ஐ7 2600-ஐ வாங்கிப் போட்டுவிட்டேன். இரண்டு கோர் இருந்த இடத்தில் நான்கு கோர், எட்டு திரெட். ஐ3 65 வாட், இது 95 வாட் என்பதால் கூலரையும் மாற்ற வேண்டியிருந்தது. பேஸ்ட் தடவி மூடியதும் ரேஸ் தடங்கலில்லாமல் ஓடுகிறது. மீந்த பணம் அட்டைக்குப் போனது.

பாபேஜ் இப்படி ஒருநாளும் திருப்தி அடைந்தவர் இல்லை. பாதியில் நிற்கிற பழைய எஞ்சினை என்ன செய்வது என்று கேட்ட அரசாங்கத்திடம், அதைவிட நல்ல எஞ்சின் ஒன்று மனதில் இருக்கிறது என்று விளக்கினார். அமைச்சர்களுக்குத் தலை சுற்றியது. கொடுத்த பணத்துக்குப் பொருள் வரவில்லை, அதற்குள் புது மாடலா? 1842-இல் பிரதமர் ராபர்ட் பீல் கதவைச் சாத்திவிட்டார். செய்துவைத்த ஆயிரக்கணக்கான பாகங்களில் பெரும்பாலானவை பின்னால் பழைய உலோகமாக உருக்கப்பட்டன. மொத்தப் பெட்டியையும் மாற்று, அதுவரைக்கும் காத்திரு என்ற ஹாஸ்டல் கட்சிக்கு இவர்தான் தலைவர்.

1843-இல் கவிஞர் பைரனின் மகள் ஏடா லவ்லேஸ், அனலிடிக்கல் எஞ்சினைப் பற்றி மெனாப்ரியா எழுதிய பிரெஞ்சுக் கட்டுரையை மொழிபெயர்த்து, கட்டுரையைவிட நீளமாகக் குறிப்புகளும் எழுதினார். பெர்னௌலி எண்களைக் கணக்கிடும் முறையைப் படிப்படியாக அதில் எழுதிக் காட்டினார். இல்லாத கம்ப்யூட்டருக்கு எழுதிய புரோகிராம்!

பணத்துக்கு வழி? இங்கேதான் நம் ஆட்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். கேம்! பாபேஜ் 1820-இல் துருக்கியன் என்ற செஸ் ஆடும் பொம்மையோடு ஆடித் தோற்றவர். (உள்ளே ஆள் ஒளிந்திருந்தது வேறு கதை.) உண்மையிலேயே ஆடும் இயந்திரம் செய்ய முடியும் என்று அவருக்கு நம்பிக்கை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்பது கட்டம் போட்டு நாம் ஆடுகிறோமே, அந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டார். இரண்டு குழந்தைப் பொம்மைகள், கூடவே ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு சேவல். ஜெயித்த குழந்தை கைதட்டும், சேவல் கூவும். தோற்ற குழந்தை அழும், ஆட்டுக்குட்டி கத்தும். இரண்டு நகர்த்தல்கள் சமமாக நல்லவையாக இருந்தால் எதை எடுப்பது? அதுவரை ஜெயித்த ஆட்டங்களின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் இது, ஒற்றைப்படை என்றால் அது. எதிராளிக்கு அது தோராயமாகவே தெரியும். ஊர் ஊராகக் காட்டிக் காசு சேர்த்து எஞ்சினைக் கட்டலாம் என்று எண்ணினார். விசாரித்தால், அந்த மாதிரிக் காட்சிகளில் பெரும்பாலும் நஷ்டம். மக்கள் கூட்டம் முழுக்க டாம் தம் என்ற குள்ள மனிதரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. காசு வருவதற்குள் ஆயுள் போய்விடும் என்று விட்டுவிட்டார். உலகத்தின் முதல் கேம் கம்பெனி இப்படி ஆரம்பிக்காமலே மூடப்பட்டது.

1846 முதல் 1849 வரை, அனலிடிக்கல் எஞ்சினில் கற்றதை வைத்து டிஃபரன்ஸ் எஞ்சின் எண் 2-ஐ வரைந்தார். பழையதைவிடப் பாகங்கள் வெகுவாகக் குறைவு. அரசாங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்வீடனில் ஷூட்ஸ் என்ற அப்பாவும் மகனும் இவருடைய முதல் எஞ்சினைப் பற்றிப் படித்து எளிமையாக ஒன்றைச் செய்தே முடித்துவிட்டார்கள். பாபேஜ் பொறாமைப்படவில்லை, அவர்களைப் பாராட்டி ஆதரித்தார். இந்தக் குணத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கிறது. மற்றபடி கோபக்காரர். தெருவில் வாத்தியம் வாசிப்பவர்கள் யோசிக்க விடாமல் தொல்லை தருகிறார்கள் என்று கேஸ் மேல் கேஸ் போட்டார். 1864-இல் அதற்கென்று சட்டமே வந்தது. ஊரார் அவரைக் கேலி செய்ய அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து ஊதினார்களாம். 1871 அக்டோபர் 18-ஆம் தேதி காலமானார்.

அந்தக் காலத்தில் உலோக வேலை அவ்வளவு துல்லியமாக வராது, அதனால்தான் தோற்றார் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லண்டன் சயன்ஸ் மியூசியத்தில், கிளமென்ட் செய்த பழைய பாகங்களை அளந்து, அதே அளவு துல்லியத்துக்குள் எண் 2 எஞ்சினைக் கட்டினார்கள். 1991-இல், பாபேஜ் பிறந்த 200-ஆவது ஆண்டில், அது சரியாகக் கணக்குப் போட்டது. நெசவாளி மகனின் கைவேலை போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது!

பாபேஜின் மகன் ஹென்றி, கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்து இந்தியாவில் பல வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று 1874-இல் ஊர் திரும்பியவர், அப்பாவின் படங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு அனலிடிக்கல் எஞ்சினின் மில்லை மட்டும், கூடவே அச்சடிக்கும் பாகத்தையும் செய்ய உட்கார்ந்தார். முடித்தது 1910-இல், அப்போது அவருக்கு வயது 85. அதற்கு ஸ்டோர் கிடையாது, அட்டையும் கிடையாது. போர்டும் ராமும் இல்லாத தனி பிராசஸர். கைப்பிடியைச் சுற்றி, பை-யின் மடங்குகளை வரிசையாக அச்சடிக்க வைத்தார். அந்த அட்டவணையிலும் தப்பு இருந்தது.